பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து எதை எடுப்பது?

2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்தபோது என் அலுவலகத்தில் மட்டும் ஆறேழு பேர் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் வாங்கினார்கள். அதில் பாதிப் பேர் படித்தும் முடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழில் ஒரு புத்தகம்கூடத் தொடாதவர்களும் அவர்களில் உண்டு. முடித்த கையோடு என்னிடம் வந்து, "செம்மையா இருந்துச்சு, அடுத்து எதைப் படிக்கலாம்?" என்பார்கள். நான் ஏதோ ஒரு பேரைச் சொல்வேன், வாங்குவார்கள், அப்புறம் அந்தப் பேச்சே இருக்காது. அந்த இரண்டாவது புத்தகம் நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தபடி அலமாரியில் கிடக்கும்.

அவர்கள்மேல் தப்பில்லை. என் அக்கா மகள் கேட்டபோது நான் பெருமையாக எடுத்துக் கொடுத்தது ஜே.ஜே: சில குறிப்புகள். சுந்தர ராமசாமி 1981-ல் வெளியிட்ட நாவல், எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், ஆனால் கதை என்று ஒன்று வரிசையாக நகராது, இலக்கிய உலகத்தையே உட்கார்ந்து கிண்டலடிக்கும். கிண்டலுக்கு ஆளாகிறவர்கள் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு அதில் சிரிப்பு எங்கிருந்து வரும்? இரண்டு வாரம் கழித்து "மாமா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வருடம் என்னிடம் புத்தகமே கேட்கவில்லை.

இப்போதெல்லாம் தமிழில் சிறந்த பத்து, சாவதற்கு முன் படிக்க வேண்டிய இருபது என்றெல்லாம் நான் பட்டியல் கொடுப்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: பொன்னியின் செல்வனில் எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் இருந்தது, எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட்டீர்கள்? "எல்லாமே நல்லா இருந்துச்சு" என்பது மரியாதைக்குச் சொல்கிற பதில். தள்ளிய பக்கத்தைக் கேட்டால் உண்மை வெளியே வரும். சிலர் கல்கி வரலாறு சொல்லத் தொடங்கினாலே தாண்டிவிடுவார்கள், சிலருக்கு அதுதான் பிடிக்கும், சிலர் நந்தினி வராத அத்தியாயம் எதையுமே ஒழுங்காகப் படிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வார்கள். அடுத்த புத்தகம் எது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டு கீழே உங்கள் பதில் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்.

அதற்கு முன்னால் சாண்டில்யன் பற்றி ஒரு வார்த்தை. முக்கால்வாசிப் பேர் நேராக அங்கேதான் போகிறார்கள், கடல் புறா மூன்று பாகம், யவன ராணி இரண்டு பாகம் என்று. போங்கள், தப்பில்லை, கடல் சண்டைகள் நன்றாகவே இருக்கும், ஆனால் நாயகியின் அழகை வருணிக்கிற பக்கங்களை நான் பதினாறு வயதில் படித்த வேகத்தில் இப்போது படிக்க முடிவதில்லை. கல்கியையே தொடர வேண்டும் என்றால் சிவகாமியின் சபதம், அப்புறம் பார்த்திபன் கனவு. எழுதியது பார்த்திபன் கனவுதான் முதலில், ஆனாலும் கதை சிவகாமிக்குப் பின்னால் நடப்பதால் இந்த வரிசையில் படித்தால் சுகம். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ராஜா கதையிலிருந்து ராஜா கதைக்கே போய்க்கொண்டிருந்தால் நாலாவது புத்தகத்தில் வாளும் குதிரையும் சலித்துவிடும், சலிப்பு வந்தால் வாசிப்பே நின்றுபோகும். இரண்டாவது புத்தகத்திலேயே கொஞ்சம் வேறு பக்கம் திரும்பிவிடுவது நல்லது.

சதியும் ஒற்றும்தான் பிடித்தது என்றால்

திருப்புறம்பயம் பள்ளிப்படையில் சதிகாரர்கள் கூடுகிற இடத்தை ராத்திரி ஒரு மணிக்குப் படித்துவிட்டு விளக்கை அணைக்க யோசித்தவரா நீங்கள்? சுஜாதாவின் கொலையுதிர் காலத்தை எடுங்கள். வக்கீல் கணேஷ், அவருடைய ஜூனியர் வசந்த், ஒரு பழைய பெரிய வீடு. நடப்பதெல்லாம் ஆவியின் வேலையா, இல்லை அறிவியலா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டே போவார். வசந்தின் பேச்சில் சிலது இன்றைக்குக் கொஞ்சம் நெளிய வைக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஒரே மூச்சு. அடுத்து என் இனிய இயந்திரா. 1980-களில் ஆனந்த விகடனில் வந்த தொடர், கதை நடப்பது 2021-ல். அந்த வருடத்தையும் தாண்டி வந்துவிட்ட நாம் அதைப் படிப்பதில் தனி வேடிக்கை இருக்கிறது, ஜீனோ என்கிற இயந்திர நாய் பேசப் பேச இன்றைக்குக் கையில் வைத்திருக்கும் போனைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஆனால் இந்தப் பதிலைச் சொல்கிறவர்களுக்கு நான் மனசார எடுத்துக் கொடுப்பது பூமணியின் வெக்கை. 1982-ல் வந்தது, ஒல்லியான புத்தகம். 2019-ல் வெளியான அசுரன் படம் இதிலிருந்து எடுத்ததுதான், படம் பார்த்தவர்களும் தாராளமாகப் படிக்கலாம், ஏனென்றால் படத்தில் நீங்கள் பார்த்த பல விஷயங்கள் நாவலில் கிடையாது. சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுகிற இடத்தில் கதை ஆரம்பிக்கிறது. யார் கொன்றது, ஏன் கொன்றது என்ற மர்மம் எதுவும் இல்லை. கையை வெட்டத்தான் நினைத்தான், ஆளே போய்விட்டான், அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டு நாள் அப்பாவும் பிள்ளையும் மலையிலும் காட்டிலும் பதுங்கித் திரிகிறார்கள். என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று பூமணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் அந்த அப்பா கோபமாக ஒரு வார்த்தை பேசுவாரா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா என்பதுபோலத்தான் பேச்சு போகிறது. பரபரப்பு என்றால் ஓட்டமும் துரத்தலும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று காட்டிய புத்தகம்.

இதில் கரிசல் வட்டாரப் பேச்சு வரும். முதல் பத்துப் பக்கம் தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத வார்த்தை காதுக்குப் புரிந்துவிடும், இது வட்டார வழக்கில் எழுதிய எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற உபாயம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று அர்த்தம் தேடினால் கதை கையை விட்டுப் போய்விடும்.

வந்தியத்தேவனின் வாய்

அவன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் விடுகிற கதைகளுக்காகவே படித்தேன் என்பவர்களுக்குத் தேவனின் துப்பறியும் சாம்பு. சாம்பு பேங்க் குமாஸ்தா, துப்பறியத் தெரியாத துப்பறிவாளன், ஒவ்வொரு வழக்கிலும் தற்செயலாக இடறி விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். தனித்தனிக் கதைகள் என்பதால் ராத்திரிக்கு ஒன்று என்று படித்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் காரமான சிரிப்பு தேவைப்பட்டால் புதுமைப்பித்தன். மொத்தக் கதைகளும் சேர்ந்த தொகுப்பை முதலில் வாங்காதீர்கள், செங்கல் கனம் இருக்கும், பார்த்தாலே பயம் வரும். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்ற ஒரு கதையை மட்டும் தேடிப் படியுங்கள். சென்னையில் பிராட்வே முனையில் டிராமுக்குக் காத்திருக்கிற கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறார், பேச்சோடு பேச்சாகத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கப் பார்க்கிறார். கடவுளே நேரில் வந்து நின்றாலும் அவரிடம் சந்தா வசூலிக்கத் தோன்றுகிற அந்த நடுத்தர வர்க்கத்து மூளையைப் புதுமைப்பித்தன் பிடித்திருக்கிற விதத்தைப் பாருங்கள். எழுதியவர் 1948-லேயே இறந்துவிட்டார், கதை இன்றைக்கும் பழசாகவில்லை. அது பிடித்தால் செல்லம்மாள் படியுங்கள், ஆனால் அதில் சிரிப்பு இருக்காது, மனசு சரியில்லாத நாளில் எடுக்க வேண்டாம்.

நிஜத்தில் நடந்தது என்ன என்று கூகுளில் தேடியவர்கள்

ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்று படித்து முடித்த அன்றைக்கே தேடியிருப்பீர்கள். காட்டுமன்னார்கோயிலில் இருக்கிற உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வருவதும் கண்ணில் பட்டிருக்கும். அங்கிருந்து அடுத்த படி தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம். தமிழிலேயே எழுதியது, நடை பழசு, ஆனால் சுற்றி வளைக்காது. இன்னொரு பொருத்தமும் உண்டு, பண்டாரத்தார் பிறந்த ஊரே அந்தத் திருப்புறம்பயம்தான். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள் தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது, அதைக் கதை மாதிரி முதலிலிருந்து கடைசிவரை படிக்க உட்காராதீர்கள், சந்தேகம் வந்தபோது எடுத்துப் பார்க்கிற புத்தகம்.

ராஜாக்களின் வரலாறு போதும், நம் வீட்டுப் பழக்கத்துக்கெல்லாம் என்ன வரலாறு என்று கேட்கிற ஆளாக இருந்தால் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம். உப்பு, எண்ணெய், உடை, உறவுமுறை என்று சின்னச் சின்னக் கட்டுரைகள். ஒன்றைப் படித்துவிட்டு அடுப்படியில் இருக்கிற அம்மாவிடம் போய் "இது தெரியுமா உனக்கு?" என்று கேட்காமல் இருக்க முடியாது.

உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தாத்தா என்று மனப்பாடம் செய்யவைத்தே அவரிடமிருந்து நம்மைத் துரத்திவிட்டார்கள். 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, 1942-ல் அவர் இறந்ததால் பாதியில் நின்றுபோனது. அந்தக் காலத்துத் தஞ்சாவூர், திருவாவடுதுறை மடம், பாடம் கேட்ட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வீட்டு வறுமை, எல்லாம் கண்ணெதிரே ஓடும். அதில் என் மனசில் அப்படியே நிற்கிற இடம் ஒன்று உண்டு. 1880, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஊருக்கு முன்சீப்பாக வந்திருக்கும் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாக அடுக்குகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவ்வளவுதானா, பழைய நூல்கள் ஏதாவது உண்டா, சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை. அந்த ஒரு கேள்வி இவரை ஏட்டுச்சுவடிக்கு இழுத்துக்கொண்டு போய், 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்து, அதற்குப் பின்னால் சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குப் புத்தகம் சிபாரிசு செய்ததில் தமிழில் இதைவிடப் பெரிசாக ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. புத்தகம் தடிமன்தான், தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரியும் வீராணம் ஏரியும்

ஆடிப்பெருக்கு அன்றைக்கு வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வருகிற அந்த முதல் அத்தியாயம், அந்தத் தண்ணீர், அதுதான் பிடித்தது என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் அவர்களுக்குப் புத்தகம் சொல்வது எனக்குக் கொண்டாட்டம். நடந்தாய் வாழி காவேரி என்று தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய பயண நூல் இருக்கிறது, 1971-ல் வந்தது. ஆறு பிறக்கிற தலைக்காவேரியிலிருந்து கடலில் கலக்கிற பூம்புகார்வரை கூடவே போகும். அதைப் பையில் போட்டுக்கொண்டு திருவையாறு பக்கம் ஒரு நாள் போய் வாருங்கள்.

அப்புறம் ஜானகிராமனின் நாவல்கள். மோகமுள் பெரிசு, பாபு, யமுனா, சங்கீதம் சொல்லித்தரும் ரங்கண்ணா, கும்பகோணத்துத் தெருக்கள். முதலில் அம்மா வந்தாளை எடுங்கள், 1966-ல் வந்தது, சின்னது. வேத பாடசாலையில் படித்து முடித்து வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளை தன் அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்கிற கதை, அதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும். அதனால்தான் எல்லாருக்கும் சொல்கிறேன், பழைய நாவல்களில் முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். முன்னுரை எழுதுகிற பெரியவர்களுக்கு நீங்கள் கதையை ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்ற நினைப்பு, முடிவை மூன்றாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். முடித்துவிட்டுத் திரும்பி வந்து படித்தால் அதே முன்னுரை நன்றாக இருக்கும்.

தண்ணீர் என்றதும் அசோகமித்திரனின் தண்ணீரும் நினைவுக்கு வருகிறது, அது நேர் எதிர்த்திசை. சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில் ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகள். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவதும் வரிசையில் நிற்பதும்தான் பெரும்பாலும் நடக்கும். ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்த பிறகு உங்கள் வீட்டுத் தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

பூங்குழலிக்காகப் படித்தவர்கள்

கடல், படகு, கோடிக்கரை. வண்ணநிலவனின் கடல்புரத்தில், மணப்பாட்டு மீனவர்கள், வல்லம் என்கிற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்கிற இயந்திரப் படகுக்கும் இடையே மூண்ட பகை, நடுவில் பிலோமி. நாவல் முழுக்கக் கோபமும் இழப்பும் இருந்தாலும் அந்தப் பெண் யாரையும் வெறுக்க மாட்டாள். பொன்னியின் செல்வனிலிருந்து நேராக இதற்கு வருகிறவர்கள் யாரும் இதுவரை பாதியில் திருப்பித் தந்ததில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை, தகழியின் செம்மீன் (தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது), இரண்டும் இதே வரிசைதான்.

கடலைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. இரண்டாம் உலகப் போர், மேடான், பினாங்கு, வட்டிக்கடைத் தமிழர்கள், பாண்டியன் என்கிற ஒருத்தன். 1972-ல் வெளியாகி வெகுநாள் கவனிப்பாரில்லாமல் கிடந்து, பிறகு கொண்டாடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தமிழ் நாவல் இதுதான், இருந்தாலும் இரண்டாவது புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். போர்க் காட்சிக்கு நடுவில் பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் நினைவுக்கு வரும், பேச்சு எங்கெங்கோ போகும், யார் பேசுகிறார்கள் என்று சொல்லாமலே பக்கக்கணக்கில் உரையாடல் ஓடும். ஆறேழு புத்தகம் கழித்து வாருங்கள், அப்போது விட மாட்டீர்கள்.

நந்தினி, குந்தவை

அவர்களைக் கல்கி பாதி தூரம்தான் கொண்டுபோனார் என்று ஒரு தோழி சொன்னாள், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. அம்பையின் வீட்டின் மூலையில் ஒரு சமையலறை தொகுப்பை எடுங்கள், தலைப்புக் கதையை முதலில். ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம், வீட்டின் பின்மூலையில் இருட்டான சமையலறை, அதை யார் ஆள்வது என்பதில் ஒரு ராஜ்யச் சண்டையே நடக்கும். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள், சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை, பாமாவின் கருக்கு. கருக்கு நாவல் இல்லை, தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே 1992-ல் எழுதியது, பள்ளிக்கூடத்திலும் கன்னியர் மடத்திலும் சாதி எப்படிப் பின்னால் வந்துகொண்டே இருந்தது என்று. ஒரு மாலை போதும் படிக்க.

ஈழத்து அத்தியாயங்கள்

இரண்டாம் பாகத்தில் பெரும்பாலும் அருள்மொழிவர்மன் இலங்கையில் இருப்பான். அந்தத் தீவை ராஜா கதையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாமே. ஷோபாசக்தியின் கொரில்லா, 2001-ல் வந்தது, பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்டு எழுதுகிற விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்ப நடை, அடிக்குறிப்பு, யாழ்ப்பாணப் பேச்சு எல்லாம் கலந்து வரும், சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், சிரித்தது தப்போ என்று ஒரு கட்டத்தில் தோன்றும். 2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வாங்கிய தீபன் படத்தின் நாயகனும் இவரேதான். மென்மையாக ஆரம்பிக்க வேண்டும் என்றால் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள், மகாராஜாவின் ரயில் வண்டி நல்ல தொடக்கம். கொக்குவிலில் பிறந்து ஆப்பிரிக்கா, கனடா என்று பல நாடுகளில் வாழ்ந்தவர், எந்த நாட்டில் நடந்தாலும் கதை நம் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும்.

ஐந்து பாகம் முடிக்கவே இல்லை என்றால்

வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்கி அதை 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் எழுதினார், ஜனங்கள் மூன்றரை வருடத்தில் படித்ததை நீங்கள் மூன்று வாரத்தில் முடிக்க உட்கார்ந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். நாளுக்கு ஒரு அத்தியாயம், ஒரு துண்டுச் சீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதிச் செருகிக்கொள்ளுங்கள், அது போதும்.

அதுவும் முடியாது, பஸ்ஸில் போகிற அரைமணி நேரம்தான் கிடைக்கிறது என்பவர்கள் சிறுகதைக்கு வாருங்கள். நான் முதலில் சொல்வது கு. அழகிரிசாமியின் ராஜா வந்திருக்கிறார். ஏழை வீட்டுக் குழந்தைகளும் மிராசுதார் வீட்டுப் பையனும் பள்ளிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படப் போட்டி விளையாடுகிற இடத்தில் ஆரம்பிக்கும். அப்புறம் தீபாவளிக்கு முந்தைய நாள், உடம்பெல்லாம் சிரங்கோடு, கட்டத் துணிகூட இல்லாமல் அநாதைப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். பேர் கேட்டால் ராஜா என்கிறான். அந்த வீட்டு அம்மாவிடம் இருப்பதே கொஞ்சம், அதில் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உடுத்த என்ன கொடுத்தாள் என்பதைக் கதையில் பாருங்கள். பெரிய வீட்டுக்கும் அதே தீபாவளிக்கு ஒரு ராஜா வருகிறார், அங்கே வைத்துக் கடைசி வரியில் ஒரு சின்னப் பெண் பேசுகிற பேச்சுக்கு நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழகிரிசாமியின் அதே இடைசெவல் ஊர்க்காரர், அவர் பிறந்த அதே 1923-ல் பிறந்தவர் கி. ராஜநாராயணன். அவருடைய கோபல்ல கிராமம் நாவல்தான், ஆனால் தாத்தா பாட்டி சொல்கிற கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது போல இருக்கும், எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

கவிதைக்கு ஒரு வரிதான் சொல்வேன், நான் பெரிய கவிதை வாசகன் இல்லை: குறுந்தொகை, நல்ல உரையோடு, 401 பாட்டையும் படிக்க வேண்டாம், ஏதாவது பக்கத்தைத் திறந்து ஒன்று.

வாங்குவது, இரவல், கைவிடுவது

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ப்ராஜெக்ட் மதுரை தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பண்டாரத்தார் போன்றவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்துப் புத்தகங்களுக்கு நூலகம் தளம். போனில் படித்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் வந்து விழும், எனக்கு அது சரிப்படவில்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள், கொஞ்சம் வைப்புத்தொகைதான், நான் மேலே சொன்னதில் பாதியாவது அங்கே தூசியோடு இருக்கும். சென்னைக்காரர்களுக்குக் கன்னிமாரா இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள், சென்னையில் ஜனவரி என்றால் ஈரோட்டில் ஆகஸ்ட், முதல் நாள் சுற்றிப் பார்க்க மட்டும் போங்கள். கடையில் நின்றுகொண்டே நடுவில் ஏதாவது இரண்டு பக்கம் படியுங்கள், முதல் பக்கத்தை எல்லாருமே பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு பக்கம் முடிந்து மூன்றாவது பக்கத்துக்குத் தானாகக் கை திரும்பினால் வாங்கலாம். திரும்பாவிட்டால் வைத்துவிடுங்கள், இந்த வருடத்துக்கு அது வேண்டாம். தள்ளுபடி 10 சதவீதம் எல்லாக் கடையிலும் உண்டு, அதற்காகக் கட்டாக வாங்கினால் என் அலமாரி மாதிரி ஆகிவிடும்.

முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடிவிடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நானே ஜெயமோகனின் விஷ்ணுபுரம் நாவலை இரண்டு தடவை மூடிவிட்டு மூன்றாவது தடவைதான் முடித்தேன், அதற்குள் அவருடைய அறம் தொகுப்பில் யானை டாக்டரையும் சோற்றுக்கணக்கையும் நாலு பேருக்குக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

அக்கா மகள் கதையைப் பாதியில் விட்டேன். போன வருடம் பொங்கலுக்கு வந்தவள் மேஜையில் கிடந்த வெக்கையை எடுத்துப் புரட்டினாள், நான் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது புத்தகம் அவள் பையில் இருந்தது. அதை ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடல்புரத்தில், தண்ணீர், கோபல்ல கிராமம் மூன்றையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறாள். ஐந்து மாதம் ஆகிறது, ஒன்றும் திரும்பி வரவில்லை, கேட்டால் அவளுடைய தோழி படித்துக்கொண்டிருக்கிறாளாம்.